ஆல்பெர்வில் மிஷனரி மையம்: குடும்பத்தோடு பிரெஞ்சு படிக்கப் போகிறவர்களுக்கு

பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்க நாடுகளுக்கு ஊழியத்துக்குப் போகும் குடும்பங்கள் முதலில் பிரான்சில் தங்கி மொழி படித்துவிட்டுப் போவது நெடுநாள் வழக்கம். அதற்குப் பலரும் தேடிப் போகும் ஊர்களில் ஒன்று, ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் சவுவா மாவட்டத்தில் உள்ள ஆல்பெர்வில். 1992 குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். அங்குள்ள மிஷனரி மையம் ஊழியக்காரர்களுக்கென்றே மொழி வகுப்பு நடத்துகிறது. சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு எங்கள் முதல் சிபாரிசு இதுதான். தனியாளுக்குத் தூர் போன்ற பல்கலைக்கழக நகரமே மேல்.

காரணம், வளாகத்திலேயே வீடு. வகுப்பு நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு உண்டு. இது இல்லாத ஊரில் என்ன நடக்கும்? கணவர் வகுப்புக்குப் போவார், மனைவி பிள்ளையோடு வீட்டில் இருப்பார். ஆண்டு முடிவில் அவர் சரளமாகப் பேசும் பி2 நிலை, இவர் தொடக்க நிலையான ஏ1. பிறகு ஆப்பிரிக்காவில் சாட் நாட்டிலோ நைஜரிலோ சந்தையிலும் மருத்துவமனையிலும் பேச வேண்டியவர் இந்த அம்மாதான். மாணவர் விசாவில் வருவதானால் இருவரும் மாணவராகவே சேருங்கள். விசாவுக்கும் அதுதான் நேர்வழி, மொழிக்கும் அதுதான்.

வளாகத்து வீட்டுக்கு இன்னொரு பலன்: முகவரிச் சான்று. பிரான்சில் வங்கிக் கணக்கு திறக்க முகவரிச் சான்று வேண்டும். தனியாக வீடு பிடிக்கப் போனாலோ வங்கிக் கணக்கு எங்கே என்பார்கள். வெளியூரில் வந்து இறங்கும் குடும்பங்கள் வாரக்கணக்கில் மாட்டிக்கொள்ளும் முடிச்சு இது. தங்கும் சான்றிதழை வந்த முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள். வீட்டுக் காப்பீட்டை யார் எடுக்க வேண்டும் என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள். விசாவை வந்திறங்கிய 3 மாதத்துக்குள் இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். தவறினால் தங்குவதே சட்டவிரோதமாகிவிடும்.

பள்ளிச் சேர்க்கை நகராட்சி அலுவலகத்தில், அதாவது 'மெரி'யில். 3 வயதிலிருந்தே பள்ளி கட்டாயம். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் புத்தகம், முகவரிச் சான்று மூன்றும் கையில் இருக்கட்டும். தமிழும் ஆங்கிலமும் உள்ள நம்மூர்ப் பிறப்புச் சான்றிதழை அப்படியே நீட்டினால் திருப்பி அனுப்பிவிடலாம். ஊரிலேயே அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்லுபடியாகச் சான்றிதழில் அரசு இடும் முத்திரை) வாங்கி, சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் பிரெஞ்சில் பெயர்த்து வைத்திருப்பது நல்லது. ஆகஸ்டில் பாதி நாடு விடுமுறையில் இருக்கும், செப்டம்பர் தொடக்கத்தில் பள்ளி திறந்துவிடும். எனவே ஜூலைக்குள் தாள்கள் தயாராக வேண்டும்.

மையத்தின் குறையும் அதன் நிறையிலிருந்தே வருகிறது. மாடிப்படியில் ஆங்கிலம், துணி காயப்போடும் இடத்தில் ஆங்கிலம், ஜெபக்கூட்டம் முடிந்ததும் ஆங்கிலம். மிஷனரிகள் ஒரே இடத்தில் கூடினால் அப்படித்தான் ஆகும். வாரம் 20 மணி நேரம், 30 வாரம் என்று வைத்தால் 600 மணி. பி2 எட்டப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு ஏறக்குறைய இவ்வளவுதான். ஆனால் வகுப்புக்கு வெளியே பிரெஞ்சு இல்லையென்றால் அந்தக் கணக்கு பலிக்காது. ஞாயிற்றுக்கிழமை ஊர்ச் சபைக்குப் போங்கள். ரொட்டிக் கடையில் தினமும் ஒரே நேரத்துக்கு நில்லுங்கள், கடைக்காரர் தானே பேச்சுக் கொடுப்பார். பெரிய நகரம் இல்லை என்பது இங்கே வரம். பதில் ஆங்கிலத்தில் வருவது குறைவு.

தமிழருக்கு உச்சரிப்பில் ஒரு அனுகூலம் உண்டு, அதை ஆசிரியர் சொல்ல மாட்டார். பேச்சில் 'மரம்', 'வந்தான்' என்கிறோமே, கடைசி மெய் கரைந்து மூக்கொலியாகிவிடும். பிரெஞ்சின் மூக்குயிர்களும் அதே வகை. ஆங்கிலம் பேசுவோர் மாதக்கணக்கில் போராடுவது நமக்கு வாயிலேயே இருக்கிறது. மாறாக, ப-வின் இரண்டு ஒலிகள் நம்மைக் கவிழ்க்கும். 'புவசோன்' மீன், அதே சொல்லை 'பஸ்' என்பதில் வரும் ப-வால் தொடங்கினால் பானம். இந்த இணைகளை முதல் மாதமே தனியாகப் பயிற்சி செய்யுங்கள். 'ரூ' என்ற தெருவுக்கு, உதட்டை உ-வுக்குக் குவித்து நாக்கை இ-க்கு வையுங்கள்.

ஜெபத்தில் ஒரு எச்சரிக்கை. 'நீர்', 'தேவரீர்' என்று ஜெபித்துப் பழகிய நாக்கு மரியாதைக்காக 'வூ', அதாவது 'நீங்கள்' என்றுதான் தேடும். பிரெஞ்சுச் சபையில் தேவனை அழைப்பது 'த்யூ', அதாவது 'நீ'. அவமரியாதை இல்லை, பிள்ளை தகப்பனை அழைக்கும் நெருக்கம் அது. பழகும்வரை மனம் கூசும்.

எண்களையும் போகும் நாட்டை வைத்துக் கேட்டுப் படியுங்கள். பிரான்சில் 91-ஆம் சங்கீதத்தைச் சொல்ல 'நான்கு இருபது பதினொன்று' என்று கூட்ட வேண்டும். காங்கோ ஜனநாயகக் குடியரசிலும் ருவாண்டாவிலும் பெல்ஜிய வழக்கு: 70 'செப்தாந்த்', 90 'நொனாந்த்'. அங்கே போகிறவர்கள் இரண்டையும் ஆல்பெர்விலில் இருக்கும்போதே ஆசிரியரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.