மார்ச் மாதக் கல்: அக்வாமரினா, ப்ளூ டோபாஸா?

மார்ச்சில் பிறந்தவருக்கு மோதிரம் எடுக்கக் கடைக்குப் போனால், அக்வாமரினுக்குப் பக்கத்திலேயே ப்ளூ டோபாஸையும் எடுத்து வைப்பார்கள். நீலம் இன்னும் அடர்த்தி, விலையோ ரொம்பக் குறைவு. “ரெண்டும் ஒண்ணுதாங்க” என்பார்கள். இல்லை.

அமெரிக்க நகை வியாபாரிகள் 1912-இல் போட்ட மாதக்கல் பட்டியலிலேயே மார்ச்சுக்கு அக்வாமரின் உண்டு. கொங்கு நாட்டுக்கு அதன் பழக்கம் அதைவிட மிகப் பழையது. அக்வாமரின், பெரில் என்ற கனிம இனத்துக் கல். காங்கேயம் அருகே படியூரில் கிடைத்தது. இந்தியப் பெரிலைப் பற்றி ரோமானியரான பிளினி எழுதியிருக்கிறார். கொடுமணல் அகழாய்விலும் பெரில் கற்கள் வந்தன. அந்த ஊரைத்தான் கொடுமணம் என்கிறார்கள்; ‘கொடுமணம் பட்ட’ அருங்கலத்தைச் சங்க நூலான பதிற்றுப்பத்து பாடுவது சும்மா இல்லை.

டோபாஸின் நீலத்துக்கு இந்த வம்சாவளி கிடையாது. இயற்கையில் நீல டோபாஸ் அபூர்வம், அதுவும் வெளிறியிருக்கும். கடைக்கு வருவது, நிறமில்லாத டோபாஸைக் கதிர்வீச்சில் வைத்து நீலமாக்கியது. ‘லண்டன் ப்ளூ’ என்பது அணு உலைக்குள் போய்வந்த கல். கதிரியக்கம் அடங்கிய பிறகே விற்பனைக்கு விடுவார்கள். பயப்பட வேண்டாம், நிறமும் நிலைக்கும். அக்வாமரினும் அப்படியொன்றும் சுயம்பு இல்லை; பச்சைச் சாயல் போகப் பெரும்பாலும் சூடேற்றித்தான் வருகிறது.

விலை கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அக்வாமரினின் அடர்த்தி சுமார் 2.7, டோபாஸுக்கு 3.5. ஒரே அளவுக் கல்லென்றால் டோபாஸ் ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாகக் கனக்கும். கல்லுக்குக் கேரட் என்பது எடை; அதனால் கேரட் விலையை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும். மில்லிமீட்டரில் அளவு கேட்டு, கல்லின் மொத்த விலையைப் பாருங்கள்.

கீறலைத் தாங்கும் கடினத்தில், பத்துவரை போகும் மோஸ் அளவுகோலில், டோபாஸ் 8, அக்வாமரின் 7.5 முதல் 8. அதனால் டோபாஸ்தான் உறுதி என்று நினைக்கலாம். ஆனால் டோபாஸுக்கு ஒரு திசையில் பிளவுத்தளம் உண்டு. குழாயிலோ கிரைண்டரிலோ வாகாக ஓர் இடி விழுந்தால் வழவழவென்று இரண்டாகப் பிரிந்துவிடும். என்னைக் கேட்டால், தினமும் போடும் மோதிரத்துக்கு அக்வாமரின். கம்மல், டாலர் என்றால் டோபாஸே தாராளம். மிச்சமாகும் காசுக்குப் பெரிய கல்லாகவே வாங்கலாம்.

இரண்டையும் கழுவ வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். டோபாஸுக்கு அல்ட்ராசோனிக் மெஷினில் கழுவுவது, நீராவி இரண்டும் ஆகாது. அப்புறம், பத்தரிடம் ரிப்பேருக்குக் கொடுத்தால், பொடி வைத்து நெருப்பை ஊதிப் பற்றவைக்குமுன் கல்லைக் கழற்றிவிடச் சொல்லுங்கள்.