கிளே ஸ்டாப் மோஷன் வீட்டிலேயே: எந்த மண், எந்தக் கம்பி, எந்த கேமரா, எந்த விளக்கு?

கிளே பொம்மை வைத்துப் படமெடுக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது கேமராவைப் பற்றித்தான். பணத்தை அங்கே கொட்ட வேண்டாம். பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு படம் எடுத்து, வரிசையாக ஓடவிடுவதுதான் ஸ்டாப் மோஷன். அதற்கு ஒரு பொருள் சரிப்படுமா என்று பார்க்க ஒரே கேள்வி போதும்: நாம் தொடாத நேரத்தில் அது தானாக மாறுமா? மண் தொய்ந்தாலும், கம்பி பழைய இடத்துக்குத் திரும்பினாலும், வெளிச்சம் ஏறி இறங்கினாலும் திரையில் நடுக்கமாகத்தான் தெரியும்.

முதலில் மண். குயவர் களிமண் மலிவு, உருவமும் அழகாக வரும். ஆனால் விளக்குச் சூட்டில் காயக் காயச் சுருங்கி, முழங்கை, முழங்கால் பக்கம் வெடித்துவிடும். தண்ணீர் தடவினால் அந்த இடம் மட்டும் கருத்துத் தெரியும். காற்றிலேயே காயும் ஏர் ட்ரை கிளே இறுகிய பிறகு அசையாது. அதனால் சுவர், மரம், சாமான் செய்ய நல்லது, பொம்மைக்கு ஆகாது. பாலிமர் கிளே சுடும்வரை மிருதுவாகவே இருக்கும். பாக்கெட்டில் போட்டிருக்கும் வெப்பத்தில், பெரும்பாலும் 110 முதல் 130 டிகிரிக்குள், சுட்டால் கல் போல ஆகிவிடும். கண், பல், பேசும் காட்சியில் மாற்றி மாற்றிப் பொருத்தும் வாய்களுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை.

உடம்புக்கு, எண்ணெய் கலந்திருப்பதால் காயாத எண்ணெய் கிளேதான். இங்கிலாந்தின் பாத் நகரில் ஓவியம் கற்பித்த வில்லியம் ஹார்பட் 1897இல் பிளாஸ்டிசின் என்ற இவ்வகைக் கிளேயை உருவாக்கியதே, மாணவர்கள் கையில் காயாத மண் வேண்டும் என்பதற்காகத்தான். இதிலும் பள்ளிக்கூடப் பாக்கெட் ஒன்று, சிற்பிகளுக்கான கெட்டி ரகம் ஒன்று என இரண்டு உண்டு. பாக்கெட் ரகம் நம் ஊர் வெயிலில் மதியத்துக்குள் குழைந்து, நீட்டிய கை மெல்லக் கீழே இறங்கும். ஒரு காட்சி எடுத்து முடிப்பதற்குள் பொம்மை குட்டையாகிவிடும். கெட்டி ரகம் பிசையக் கஷ்டம், ஆனால் வைத்த இடத்தில் நிற்கும். பாக்கெட் ரகம்தான் கிடைக்கிறது என்றால், பொம்மையை மூடிய டப்பாவில் வைத்துப் பத்து, பதினைந்து நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காதீர்கள். காற்றின் ஈரம் முதலில் டப்பாவின் மேல் படியட்டும். உடனே திறந்தால் பொம்மை முகமெல்லாம் வியர்த்துவிடும்.

15 செ.மீ. பொம்மைக்கு 150 முதல் 200 கிராம் கிளே தாராளம். தலையையும் வயிற்றையும் முழுக்க மண்ணால் நிரப்பாமல், உள்ளே அலுமினிய ஃபாயிலைக் கசக்கி உருட்டி வைக்க வேண்டும். தலை கனத்தால் கழுத்து நிற்காது. வெள்ளை, மஞ்சளை முதலில் பிசைந்து முடித்துவிட்டுத்தான் சிவப்பு, கறுப்பைத் தொட வேண்டும். நடுவே கையை ஈரத் துடைப்பானால் நன்றாகத் துடையுங்கள். வெள்ளையில் ஏறிய சிவப்பு பிறகு போகாது.

பொம்மைக்குள் எலும்புக்கூடாக வைக்கும் கம்பியில் பெரிய யோசனை தேவையில்லை. ஜி.ஐ. கம்பி (துத்தநாகம் பூசிய இரும்பு) வளைத்ததும் கொஞ்சம் பின்வாங்கும். செம்பு சில தடவை வளைத்ததுமே இறுகி முறியும். 1.5 மி.மீ. அலுமினியக் கம்பி இரண்டை முறுக்கிச் சேர்த்தால் வளைத்த இடத்தில் நிற்கும். அதுவும் ஒருநாள் கணுக்காலில் முறியத்தான் செய்யும். எனவே காலைத் தனியாகக் கழற்றி மாற்றும்படி செய்வது நல்லது. பாதத்தில் எம்-சீல் வைத்து அதற்குள் 3 மி.மீ. நட்டு ஒன்றைப் பதித்து, ஓட்டை போட்ட பிளைவுட் பலகையின் அடியிலிருந்து ஸ்குரூ போட்டு இறுக்கினால் பொம்மை ஒற்றைக் காலிலும் நிற்கும். தகரத் தட்டும் காந்தமும் வேகமான வழி, ஆனால் கனமான பொம்மை சாயும்போது காந்தம் வழுக்கும்.

கேமரா விஷயத்தில் ஃபோனே போதும் என்று துணிந்து சொல்லலாம். ஃபுல் எச்டி படத்துக்குத் தேவை இரண்டு மெகாபிக்சல்தான். ஃபோனின் உண்மையான குறை, ஒவ்வொரு படத்துக்கும் தானாகவே வெளிச்சத்தையும் நிறத்தையும் ஃபோகஸையும் மாற்றிக்கொள்வது. மூன்றையும் பூட்ட முடிகிற ஆப் வேண்டும். ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ போன்ற ஆப்களில் முந்தைய படம் நிழலாகத் தெரிவதால் எவ்வளவு நகர்த்தினோம் என்பதும் கண் முன்னே இருக்கும். திரையைத் தொட்டு எடுக்காமல் ப்ளூடூத் ரிமோட்டில் எடுக்க வேண்டும். லென்ஸ் மாற்றக்கூடிய டிஎஸ்எல்ஆர் கேமராவில் படம் அழகு, ஆனால் அதற்கும் ஒரு தொல்லை உண்டு: ஒவ்வொரு கிளிக்குக்கும் லென்ஸின் துவாரம் மூடித் திறக்கும்போது இம்மியளவு வித்தியாசம் வந்து படம் மினுக்கும். கையால் துவாரத்தைத் திருகி வைக்கும் பழைய மேனுவல் லென்ஸ் போட்டால் அந்தத் தொல்லை போய்விடும். டிஎஸ்எல்ஆரை முழுமையாகப் பயன்படுத்த டிராகன்ஃபிரேம் மாதிரி காசு கொடுத்து வாங்கும் மென்பொருளும் கணினியும் வேண்டும். முதல் படத்துக்கு இது அதிகம்.

மிச்சமாகும் பணம் விளக்குக்குப் போகட்டும். ஜன்னல் வெளிச்சம் பார்க்க அருமை, ஆனால் ஒரு மேகம் போதும் அரை மணி நேர வேலையைக் கெடுக்க. ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்துவிடுங்கள். குண்டு பல்பு சூட்டில் கிளேயை இளக்கும். ஃபிரிட்ஜ் மோட்டார் ஓடத் தொடங்கும்போது அதன் வெளிச்சமும் தாழும். மலிவான எல்இடி மின்சாரத்தோடு சேர்ந்து நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/50, 1/25 நொடி என்று மெதுவாக இருந்தால் அது படத்தில் விழாது. பவர் பேங்கில் ஓடும் இரண்டு எல்இடி விளக்குகள் வீட்டுக்கு மிகப் பொருத்தம்: கரண்ட் ஏறி இறங்கினாலும் அவற்றுக்குக் கவலையில்லை. எடுப்பவர் கறுப்பு அல்லது அடர்நிறச் சட்டை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். வெள்ளைச் சட்டையில் பட்டுத் திரும்பும் ஒளியே படத்தை மினுக்க வைக்கும்.

நொடிக்கு 12 படமா, 24 படமா? 12 என்றால் ஒரு நிமிடத்துக்கு 720 படம், 24 என்றால் 1,440. கிளேக்கு 12 இயல்பாகவே பொருந்தும். சட்டென்று தலை திரும்புவது, பந்து பாய்வது மாதிரி இடங்களில் மட்டும் 24க்குப் போகலாம். அதற்கு ஆப்பை 24இல் வைத்து, மற்ற இடங்களில் ஒவ்வொரு நிலையையும் இரண்டு படமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பேசும் காட்சியில், வாயை ஒவ்வொரு முறையும் செதுக்குவதா, மாற்று வாய்கள் செய்து வைப்பதா என்பதுதான் பெரிய தேர்வு. செதுக்கினால் முகம் உயிரோடு இருக்கும், ஆனால் உதட்டோரம் அழுக்காகும், கன்னம் மெல்ல வடிவம் மாறும். மாற்று வாய் ஏழெட்டு போதும்: மூடியது, ஆ, ஈ, எ, ஓ, ஊ, வகரத்துக்கு ஒன்று, நாக்கு தெரியும் லகரத்துக்கு ஒன்று. தமிழில் இரட்டிக்கும் எழுத்துகளைக் கவனிக்க வேண்டும். ‘அம்மா’ அரை நொடி என்றால் ஆறு படம்: அகரத்துக்கு ஒன்று, மூடிய வாய்க்கு இரண்டு, ஆவுக்கு மூன்று. மூடிய வாயை ஒரே படத்தில் முடித்தால் ‘அமா’ என்றுதான் தெரியும். மாற்று வாய் சேரும் கோட்டை, சிறு தூரிகையில் துளி வாஸலின் தொட்டு மழுக்கிவிட்டு கிளிக் செய்யுங்கள்.