ஃப்ளோசார்ட்ல அட்வான்ஸ்டு சிம்பல்ஸ்: ரொம்ப நாள் யூஸ் பண்ணதுல எது கூடவே வந்துச்சு, எதைக் கழட்டி விட்டேன்

நீள்வட்டம் (ஆரம்பம், முடிவு), செவ்வகம் (ஒரு வேலை), டைமண்ட் (ஆமாவா இல்லையான்னு கேக்கற இடம்), ஆரோ (அடுத்து எங்க போகணும்). இந்த நாலை வச்சே காலத்தை ஓட்டிடலாம்னு சொல்றவங்க நிறைய பேர், சின்ன ப்ராசஸுக்கு அது உண்மையும்கூட. பாஸ்வேர்ட் ரீசெட்டுக்கு எல்லாம் அதுக்கு மேல போட்டா ஓவர். ஆனா நாலு டீம் கை மாறி, நடுவுல கஸ்டமர் பதிலுக்குக் காத்துக்கிட்டு, ஒரே நேரத்துல ரெண்டு வேலை ஓடி கடைசியில ஒரு இடத்துல சேர்ற மாதிரி ப்ராசஸை அதே நாலு ஷேப்ல வரைஞ்சு பாருங்க, பக்கம் முழுக்க செவ்வகமா நிக்கும். சிஸ்டம் ஒரு நொடியில முடிக்கிறதும் செவ்வகம், ஒரு ஆள் உக்காந்து அரை மணி நேரம் செக் பண்றதும் செவ்வகம், யாருமே ஒண்ணும் பண்ணாம ஃபைல் ரெண்டு நாள் சும்மா கிடக்கறது செவ்வகமாகூட இருக்காது, ரெண்டு பாக்ஸுக்கு நடுவுல இருக்கிற ஆரோக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும்.

ப்ராசஸ் வரையறது என் வேலைலயே ஒரு பாகம்ங்கறதால ரெண்டு குடும்பத்து சிம்பலையும் வருஷக்கணக்குல போட்டுப் பழகியாச்சு. ஒண்ணு 1985ல வந்த ஐஎஸ்ஓ 5807ங்கற சர்வதேச ஸ்டாண்டர்ட்ல இருக்கிற பழைய ஃப்ளோசார்ட் சிம்பல்ஸ், இன்னொண்ணு பிபிஎம்என் (BPMN), பிசினஸ் ப்ராசஸ் வரையறதுக்குன்னே உருவாக்கின சிம்பல் முறை, அதோட 2.0 வெர்ஷன் 2011ல வந்து 2013ல ஐஎஸ்ஓ ஸ்டாண்டர்டும் ஆயிடுச்சு. ரெண்டையும் புழங்கினதுல எனக்குப் பட்டது இதுதான்: காத்திருப்பு, கை மாறுறது, ஒரே நேரத்துல ஓடறது, இந்த மூணையும் கண்ணுக்குக் காட்டுற சிம்பலுக்குத்தான் உண்மையான மதிப்பு, மிச்சம் பெரும்பாலும் அலங்காரம்.

முதல்ல டிலே சிம்பல். இடது பக்கம் நேரா, வலது பக்கம் வளைஞ்சு, இங்கிலீஷ் டி எழுத்து மாதிரி இருக்குமே, அது. நிறைய டூல்ல இருக்கு, யாரும் தொடறதே இல்ல. இது கம்ப்யூட்டர் ஆளுங்க கண்டுபிடிச்சதும் இல்ல, ஃபேக்டரிலருந்து வந்தது. 1921ல ஃப்ராங்க் கில்ப்ரெத்தும் லில்லியன் கில்ப்ரெத்தும் ப்ராசஸ் சார்ட்டுன்னு ஒண்ணை இன்ஜினியர்கள் முன்னாடி வச்சாங்க, அதுலருந்து வளர்ந்து 1947ல ஏஎஸ்எம்இ (அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கம்) அஞ்சே அஞ்சு சிம்பலா சுருக்குச்சு: வேலைக்கு வட்டம், நகர்த்தறதுக்கு ஆரோ, சோதனைக்கு சதுரம், காத்திருப்புக்கு டி, சேமிச்சு வைக்கிறதுக்கு முக்கோணம். பாருங்க, அஞ்சுல ரெண்டு சிம்பல் ஒண்ணுமே நடக்காத நேரத்துக்குன்னே ஒதுக்கி இருக்காங்க. நம்ம ஆஃபீஸ் ஃப்ளோசார்ட்ல அதுக்கு ஒண்ணுகூட கிடையாது.

வாங்கின பொருளைத் திருப்பி அனுப்பி பணம் வாங்குற ப்ராசஸை எடுத்துக்கோங்க. சாதாரணமா வரைஞ்சா ரிக்வெஸ்ட் வருது, பொருள் வருது, செக் பண்றாங்க, ஓகேவா, ஆமான்னா ரீஃபண்ட், முடிஞ்சுது. இதை வச்சு மீட்டிங் போட்டா எல்லாரும் செக் பண்ற டீமைத்தான் பாப்பாங்க, ஏன்னா படத்துல வேலைன்னு தெரியறது அது ஒண்ணுதான். அதே படத்துல பிக்கப்புக்கு முன்னாடி ஒரு டி, கோடவுன்ல இறக்கி வச்சதுக்கும் செக் பண்ண எடுக்கிறதுக்கும் நடுவுல ஒரு டி, அக்கவுண்ட்ஸ் டீம் மொத்தமா சேர்த்து பேமெண்ட் போடற வரைக்கும் ஒரு டி போட்டு, ஒவ்வொண்ணுக்குள்ளயும் வழக்கமா எத்தனை நாள் ஆகும்னு எழுதிட்டா பேச்சே மாறிடும். செக் பண்றது நாள் முழுக்க ஆகற வேலையே இல்லன்னும் நேரம் எல்லாம் மூணு டிக்குள்ளதான் போகுதுன்னும் யாரும் விளக்காமலே தெரியும். ஒரே ஒரு சிம்பலை மட்டும் சேர்த்துக்கலாம்னா நான் இதைத்தான் சொல்வேன், மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

அடுத்தது பிபிஎம்என்ல இருக்கிற பேரலல் கேட்வே, அதாவது டைமண்டுக்குள்ள கூட்டல் குறி. வழி பிரியற, திரும்பச் சேர்ற இடத்துல போடற டைமண்டைத்தான் கேட்வேன்னு சொல்றது. ஒரு பாக்ஸ்லருந்து ரெண்டு ஆரோ வெளிய போனா அது ரெண்டும் நடக்கும்னு அர்த்தமா இல்ல ரெண்டுல ஒண்ணுன்னு அர்த்தமான்னு வரைஞ்சவருக்கு மட்டும்தான் தெரியும், அவரும் ஆறு மாசம் கழிச்சு மறந்துடுவாரு. கூட்டல் குறி போட்டா ரெண்டும் நடக்கும், பெருக்கல் குறி போட்டா ஏதாவது ஒண்ணுதான், அவ்வளவுதான், சந்தேகம் தீர்ந்துச்சு. பழைய ஐஎஸ்ஓ முறைலயும் இதுக்கு வழி இருக்கு, ரெண்டு இணைகோடு படுக்கையா போடணும், ஆனா அதை யாராவது போட்டு நான் பார்த்ததா ஞாபகம் இல்ல.

இதுல ஒரு விஷயம் மட்டும் கவனிக்கணும், பிரிக்கிற இடத்துல எல்லாரும் ஒழுங்காப் போடறாங்க, சேர்ற இடத்துலதான் கோட்டை விடறாங்க. ரீஃபண்ட் உதாரணத்துலயே பொருளை செக் பண்றதும் பேங்க் டீட்டெயில் சரிபார்க்கிறதும் ஒரே நேரத்துல ஓடுதுன்னு வைங்க. கூட்டல் குறியால பிரிச்சுட்டு, சேர்ற இடத்துல பெருக்கல் குறி போட்டா, பெருக்கல் குறி யாருக்கும் காத்திருக்காது, முதல்ல வந்ததை உடனே விட்டுடும், அப்புறம் வர்றதையும் விடும். படத்தை அப்படியே படிச்சா ரீஃபண்ட் ரெண்டு தடவை போகுதுன்னு அர்த்தம். இதையே திருப்பிப் போட்டு, பெருக்கல் குறியால பிரிச்சு கூட்டல் குறியால சேர்த்தா, கூட்டல் குறி ரெண்டு பக்கமும் வரணும்னு உக்காந்திருக்கும், வர்றதோ ஒண்ணுதான், ஆக ப்ராசஸ் அங்கேயே நின்னுடும். வெறும் படமா ரிவ்யூ பண்றப்ப இது யார் கண்ணுலயும் படாது, டெவலப்பர் அதை வச்சு வொர்க்ஃப்ளோ கட்டறப்பதான் வெடிக்கும். அதனால யாராவது படம் அனுப்பினா நான் முதல்ல பாக்கறது இந்த ஜோடிகளைத்தான், எதால பிரிச்சாங்களோ அதாலதான் சேர்த்திருக்காங்களான்னு.

பாக்ஸோட ஓரத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கிற டைமர், பிபிஎம்என்ல பவுண்டரி ஈவென்ட்னு சொல்றது, இதுக்கு நான் அடிமைன்னே சொல்லலாம். கஸ்டமர் கிட்ட போட்டோ கேட்டிருக்கோம், மூணு நாள்ல வரலைன்னா ரிமைண்டர் அனுப்பணும், பதினஞ்சு நாள் ஆயிட்டா க்ளோஸ் பண்ணணும். இதை டைமண்ட் போட்டு வரைஞ்சா வந்துடுச்சா, இல்ல, மூணு நாள் ஆச்சா, இல்ல, திரும்பப் போன்னு ஆரோ பின்னாடியே சுத்தி சுத்தி இடியாப்பச் சிக்கல் ஆயிடும். பவுண்டரி டைமர்ல ஒரே பாக்ஸ், ஓரத்துல ரெண்டு குட்டி கடிகாரம், ஒண்ணுலருந்து ரிமைண்டர், இன்னொண்ணுலருந்து க்ளோஸ். மூணு நாள் கடிகாரத்தைச் சுத்தி இருக்கிற ரெட்டை வட்டம் புள்ளிக்கோடா இருக்கும், ரிமைண்டர் போனாலும் காத்திருக்கிறது தொடரும்னு அர்த்தம். பதினஞ்சு நாள் கடிகாரத்துக்கு முழுக்கோடு, அது அடிச்சா பாக்ஸ் வேலை அதோட கட். அருமையான யோசனை, ஆனா டிசைன்ல ஒரு பெரிய குறை இருக்கு: வேலை நிக்குமா தொடருமாங்கற அவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஒரு சின்ன வட்டத்தோட கோடு ஸ்டைல்ல வச்சுட்டாங்க. ப்ரொஜெக்டர்லயும் ஏ4 பிரிண்ட்லயும் ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். நான் எப்பவும் பக்கத்துலயே ‘3 நாள், தொடரும்’, ‘15 நாள், நிறுத்து’ன்னு எழுதிடுவேன், சிம்பல் இருக்கே எதுக்கு எழுத்துன்னு கேக்கறவங்க கேக்கட்டும்.

பக்கவாட்டுல ரெட்டைக் கோடு போட்ட செவ்வகம் ஒண்ணு இருக்கு, வேற இடத்துல விளக்கியிருக்கிற ப்ராசஸை இங்க ஒரு பாக்ஸா சுருக்கி வைக்கிறது, பிபிஎம்என்ல அடியில குட்டி கூட்டல் குறியோட வரும். பெரிய படத்தை ஒரு பக்கத்துக்குள்ள கொண்டுவர இதை விட்டா வழி இல்ல. ரெண்டு லெவலுக்கு மேல நான் போகறது இல்ல, மூணாவது லெவலுக்கு க்ளிக் பண்ணிப் போனவங்க எங்கருந்து வந்தோம்னு தெரியாம திரும்பி மெயில் போடறாங்க. அப்புறம் லிங்கை மட்டும் நம்பாதீங்க, பிரிண்ட் எடுத்தா லிங்க் செத்துடும், பாக்ஸுக்குள்ளயே எந்தப் படம், என்ன பேர்னு போட்டு வைங்க.

டாக்குமெண்ட் சிம்பல், அடியில அலை மாதிரி இருக்கிறது, நல்லாவே உழைக்குது. எந்த ஸ்டெப்ல என்ன பேப்பர் அல்லது பிடிஎஃப் உருவாகுதுன்னு போட்டு வச்சிருந்தா, ஆடிட்ல இதுக்கு ஆதாரம் எங்கன்னு கேக்கறப்ப படத்தைக் காட்டினாலே பாதி வேலை முடிஞ்சுடும். சிலிண்டர் பத்தி சொல்லவே வேணாம், டேட்டாபேஸ்னு எல்லாருக்கும் தெரியும்.

இப்போ கழட்டி விட்டது. மேல் பக்கம் சரிஞ்ச செவ்வகம்னா கையால டைப் பண்றது, கீழ குறுகின சரிவகம்னா கையால செய்யற வேலை, அறுகோணம்னா முன்தயாரிப்பு. ரூல்புக் படி எல்லாம் கரெக்ட், ஆனா படிக்கிற ஆளுக்கு இது எல்லாமே கொஞ்சம் கோணலா வந்த செவ்வகம்தான், அறுகோணத்தை அவனவன் இஷ்டத்துக்கு அர்த்தம் பண்ணிக்கிறான். மேல் மூலை ஒண்ணு வெட்டியிருந்தா பஞ்ச் கார்டு, மேல ரெண்டு மூலையும் வெட்டியிருந்தா லூப் ஆரம்பம், இதை யார் ஞாபகம் வச்சுக்கறது சொல்லுங்க. பஞ்ச் கார்டு, காகித டேப், மேக்னடிக் டேப் எல்லாம் இன்னும் டூலோட சிம்பல் லைப்ரரில குந்திக்கிட்டு இருக்கு, அழகா இருக்கேன்னு சில பேர் எடுத்து எதுக்கோ போட்டும் விடறாங்க! மணல் கடிகாரம் மாதிரி இருக்கிற கொலேட் (வரிசைப்படுத்தி அடுக்கறது) சிம்பலை காத்திருப்புன்னு நினைச்சுப் போடறவங்களும் உண்டு, பாத்தா அப்படித்தானே தோணுது, அவங்களைச் சொல்லிக் குத்தம் இல்ல.

இந்த இடத்துல பிபிஎம்என் எனக்குப் பிடிச்சுப் போச்சு. அது பாக்ஸோட வடிவத்தை மாத்தாம உள்ள மூலைல ஒரு ஐகான் வைக்குது. பல்சக்கரம்னா சிஸ்டம் தானா செய்யறது, ஆள் உருவம்னா ஒருத்தர் சிஸ்டத்துல உக்காந்து செய்யறது, கைன்னா எந்த சிஸ்டமும் இல்லாம வெளிய நடக்கறது. வெளிக்கோட்டு வடிவத்தை ஜனங்க மறந்துடறாங்க, உள்ள இருக்கிற ஐகான் மறக்கறதில்ல, பல்சக்கரத்தை விளக்க வேண்டிய நிலைமை எனக்கு வந்ததே இல்ல. எதை ஆட்டோமேட் பண்ணலாம்னு பேச்சு வந்தாலும் கை ஐகான் இருக்கிற பாக்ஸை எல்லாம் வரிசையா பாத்துக்கிட்டே போனா போதும்.

கை மாறுறதைக் காட்ட லேன், அதாவது ஒவ்வொரு டீமுக்கும் ஒரு பட்டை, போடறது எல்லாருக்கும் பழக்கம்தான், அதுல புதுசா சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல. ஒண்ணே ஒண்ணு, கஸ்டமரையோ வெளி கம்பெனியையோ நம்ம லேன்ல ஒண்ணா வைக்காம தனி பூலா (தனி கட்டமா) வச்சு, நடுவுல போற மெசேஜை புள்ளிக்கோட்டுல போட்டா, நம்ம கட்டுப்பாட்டுல இல்லாதது எதுன்னு பளிச்சுனு பிரிஞ்சு வந்துடும். அவங்க பூலுக்குள்ள பாக்ஸே வேணாம், அவங்க உள்ள என்ன பண்றாங்கன்னு நமக்குத் தெரியாதுல்ல.

டூல் பத்தி கேப்பீங்க. ட்ரா.ஐஓல எல்லா சிம்பலும் இருக்கு, ஃப்ரீ, ஆனா எதை வேணா எதோட வேணா இணைக்க விடும், தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லாது. பிபிஎம்என்.ஐஓ மாடலர் கொஞ்சம் கண்டிப்பானது, ஒரு பூல்லருந்து இன்னொரு பூலுக்கு கோடு இழுத்தா அதுவே மெசேஜ் கோடா மாத்திடும், புதுசா கத்துக்கறவங்களுக்கு இதுதான் நல்ல வாத்தியார். மெர்மெய்டு டெக்ஸ்ட்ல எழுதறது, முன்னாடி ஷேப் கம்மி, 11.3 வெர்ஷன்ல டிலே உள்பட ஒரு கூட்டமே சேர்த்தாங்க, ப்ரோக்ராம் கோடோட (code) சேர்த்து கிட்ல (Git, ஃபைல்ல ஆகற மாற்றத்தை எல்லாம் பதிவு பண்ணி வைக்கிற டூல்) வச்சுக்க, என்ன மாறுச்சுன்னு வரி வரியா பாக்க செம வசதி. ஆனா பாக்ஸ் எங்க உக்காரணும்னு முடிவு பண்றது அதுதான், பெரிய படத்துல ஆரோ போற வழியைப் பாத்தா எரிச்சல் வரும். பெரிய படத்துக்கு அதை நான் தொடறதில்ல.

லெஜெண்ட், அதாவது எந்த சிம்பலுக்கு என்ன அர்த்தம்ங்கற குறிப்பு, வைக்கறப்ப மொத்த சிம்பல் பட்டியலையும் ஒட்டாதீங்க, அந்தப் படத்துல இருக்கிறதை மட்டும் ஓரமா வைங்க. லெஜெண்ட்ல ஏழெட்டுக்கு மேல போச்சுன்னா நான் லெஜெண்டை பெருசாக்க மாட்டேன், படத்துலருந்து சிம்பலைக் குறைப்பேன். கலருக்கு அர்த்தம் கொடுக்கறதும் வேணாம், கறுப்பு வெள்ளைல பிரிண்ட் போட்டா போச்சு, சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாதவங்களும் படிக்கறாங்க.

ஒரு சிம்பல் விஷயத்துல மட்டும் இன்னும் மனசு ஒரு நிலைல இல்ல, ஈவென்ட் கேட்வே. டைமண்டுக்குள்ள ரெட்டை வட்டம், அதுக்குள்ள ஐங்கோணம். கஸ்டமர் பதில் முதல்ல வருதா, ஏழு நாள் முதல்ல முடியுதா, எது முந்துதோ அந்த வழில போங்கறது அர்த்தம். இங்க யாரும் முடிவு எடுக்கல, வெளில நடக்கிறதுதான் முடிவு பண்ணுது, சாதா டைமண்டால இதைச் சொல்லவே முடியாது, அந்த வகைல அது அருமை. ஆனா ஒரு பத்து பேர் படிச்சா டெவலப்பர் தவிர யாருக்கும் புரியறதில்ல, அதுக்கு மேல ‘எது முதல்ல வருதோ’ன்னு எழுதி வச்சாத்தான் நகருது. உள்ள ஓ போட்ட இன்க்ளூசிவ் கேட்வேயை (ஒரு வழியும் போகலாம், பல வழியும் போகலாம்) எழுதி வச்சும் காப்பாத்த முடியல, சேர்ற இடத்துல எத்தனை வழிக்குக் காத்திருக்கணும்னு பின்னாடி போய் எண்ணிப் பாத்தாத்தான் தெரியும். அதை இப்ப போடறதே இல்ல, அந்த இடத்தை கூட்டல் பெருக்கலா உடைச்சு வரைஞ்சுடறேன், ரெண்டு பாக்ஸ் கூடும், கூடட்டும்.