ஆறு வருடச் சொட்டுநீர்: 840 டிரிப்பரும் ஒரு ஊக்கும்

"தோப்புக்குச் சொட்டுநீர் போடலாம்னு இருக்கேன், எப்படிங்க மாமா?" என்று போன வாரம் மச்சான் போன் பண்ணியபோது, நான் தென்னையடியில் குத்தவைத்து, அடைத்துப்போன டிரிப்பரை, அதாவது குழாயில் தண்ணீர் சொட்டும் சின்ன மூக்கை, ஊக்கால் குத்திக்கொண்டிருந்தேன். கேட்ட நேரம் சரியில்லை. "போடாதே" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உடுமலைப் பக்கம் மூன்று ஏக்கர். 210 மரம், மரத்துக்கு நாலு டிரிப்பர், ஆக 840. சிறு, குறு விவசாயிக்கு முழு மானியம் என்பதால் விலையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

என் சண்டையெல்லாம் உப்போடுதான். எங்கள் போர் தண்ணீர் காய்ச்சினால் குண்டாவிலேயே வெள்ளை படியும், டிரிப்பரின் சின்னத் துளை எம்மாத்திரம்? ஃபில்டர் மண்ணைப் பிடிக்கும், கரைந்து வரும் உப்பை விட்டுவிடும். மோட்டார் நின்றதும் துளையில் தங்கிய துளி காய்ந்து சுண்ணாம்பாகிறது. வாய்க்காலில் பாய்ச்சினால் தண்ணீர் வந்ததா என்று கண்ணுக்குத் தெரியும். இதில் மோட்டார் ஓடும், மரத்தடி ஈரமாகவே இருக்கும். நாலில் ரெண்டு அடைத்தது குரும்பை (தென்னம்பிஞ்சு) கொட்டிய பிறகுதான் தெரியும்.

ஊக்கால் குத்துவதும் தப்பு. துளை பெருத்து அந்த மரம் மட்டும் மொண்டு குடிக்கும். ஆசிட்தான் வழி. தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். தண்ணீர் ஓட்டத்திலேயே மருந்தை உறிஞ்சிக்கொள்ளும் வென்சுரி வழியாக உள்ளே இழுத்து, ராத்திரி முழுக்க நிறுத்தி, காலையில் லேட்டரல் (மரவரிசையில் ஓடும் சின்னக் குழாய்) முனைகளைத் திறந்துவிட்டால் முதலில் மோர் மாதிரி வரும். அப்புறம் தெளியும். அதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம். குரும்பை கொட்டும்வரை காத்திருக்காமல் முறை வைத்துச் செய்ய வேண்டிய வேலை. நான் செய்யவில்லை, அது குழாயின் குற்றமில்லை, சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மும்முனை கரண்ட் நடுராத்திரி வந்தாலும், மண்வெட்டியோடு மடை மாற்றப் போய் ஆறு வருடமாகிறது. களையும் குறைவு. மணிக்கு எட்டு லிட்டர் விடும் டிரிப்பர் என்பதால் ரெண்டு மணி நேரத்தில் மரத்துக்கு 64 லிட்டர், அவ்வளவுதான்.

மிச்சமான தண்ணீர் போரில் இருக்கிறதா? இல்லை. மிச்சம் இருக்கிறதே என்று மேட்டில் ஒரு ஏக்கர் வாழை வைத்தேன். கரண்ட் இலவசம், மோட்டாரை நிறுத்தச் சொல்ல ஆளில்லை. போன கோடையில் மோட்டாரை இன்னும் நாலு பைப் கீழே இறக்கினோம்.

நேற்று ஆசிட் விட்டுக் கழுவியதில் வரிசை முழுக்கச் சொட்டியது. உடனே மச்சானைக் கூப்பிட்டு, "போடு, முதலில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடு" என்றேன். வாழையைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.