கிணற்றுத் தண்ணீர் பரிசோதனை: வேலூரில் ஒரு தனியார் ஆய்வகம்

பாலாறு ஆந்திர எல்லையைத் தாண்டி இறங்குகிற வாணியம்பாடிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பு. குரும்பை கொட்டுவது நிற்கவில்லை, தோல் ஆலைக் கழிவுதான் காரணமோ என்ற சந்தேகத்தில் கிணற்றுத் தண்ணீரை ஆய்வுக்குக் கொடுத்தேன்.

மாதிரி எடுக்க வந்த பையன் வேலை தெரிந்தவன். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை அலசிவிட்டுத்தான் பிடித்தான். உலோக ஆய்வுக்கு அமிலத் துளி விட்ட தனி பாட்டில். சர்வே எண், நேரம் எழுதி ஒட்டி, என் கையெழுத்து வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்தான்.

அறிக்கை சொன்ன நாளில் வந்தது. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 3,140 மில்லிகிராம். குடிநீருக்கு 500தான் ஏற்கத்தக்க அளவு. வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை. குரோமியம் 0.02, வரம்பான 0.05-க்குள்தான். தோல் பதனிடப் பயன்படும் உலோகம் என்பதால் ஊரில் எல்லோருக்கும் குரோமியம் பயம். பச்சைத்தோல் அழுகாமல் இருக்கப் போடும் உப்பை யாரும் பேசுவதில்லை. இதைத் தொலைபேசியில் பொறுமையாக விளக்கிய அம்மாவுக்குத் தனி நன்றி.

அறிக்கை முழுக்க ஆங்கிலம். விவசாயிக்குத் தமிழில் ஒரு பக்கம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

முக்கியமான விஷயம்: நடைச்செலவு கூடினாலும் அவர்களையே வரச்சொல்லுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேனில் கொண்டுபோய்க் கொடுத்தார். 'வாடிக்கையாளர் அளித்த மாதிரி' என்று அச்சடித்துவிட்டார்கள். ஆலை மீது வழக்கு என்று போனால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த ஒரு வரி போதும்.

அதற்காக இந்தக் காகிதத்தை வைத்தே ஆலைக்காரரைக் கூண்டில் ஏற்றிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 1974 நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி மாதிரி எடுக்கும்போது அங்கேயே அறிவிப்புக் கொடுத்து, ஆலைக்காரர் முன்னிலையில் கழிவுநீரை இரண்டாகப் பிரித்து முத்திரையிட்டால்தான் அந்த ஆய்வு சாட்சியமாக நிற்கும். அந்த அதிகாரியை வரவழைக்கப் போடும் மனுவுக்கு இந்த அறிக்கை பயன்படும். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. அங்கே இந்த அறிக்கை இன்னும் நன்றாக எடுபடும். இழப்பீடு கேட்க ஐந்தாண்டுதான் கெடு என்பதால், அறிக்கையில் தேதி தெளிவாக இருக்கிறதா பாருங்கள்.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது எங்கள் பாலாற்றுத் தோல் ஆலை வழக்கிலும்தான், 1996-இல். 2025 ஜனவரியில், அரசே இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று மறுபடி சொல்ல வேண்டி வந்தது. நடுவில் இருபத்தெட்டு வருடம் நாங்கள் கேன் தண்ணீர் வாங்கினோம்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ரசீதை உங்கள் பெயரிலேயே கேட்டு வாங்குங்கள். ஆய்வுச் செலவையும் இழப்பீட்டு மனுவில் சேர்த்துக் கேட்கலாம்.