தரவு எல்லை தாண்டினால் நமக்கு என்ன கிடைக்கும்? பிரஸ்ஸல்ஸ், ஒசாகா, ஜகார்த்தா

நாடு விட்டு நாடு போகும் தரவுக்கு யார் விதி வகுப்பது என்பதில் பல வழிகள் முன்னால் இருக்கின்றன. இவற்றை எடைபோட எனக்கு ஒரே கேள்வி போதும்: தரவைக் கொடுக்கிற வளரும் நாட்டுக்குத் திரும்ப என்ன வருகிறது?

முதலில் ஐரோப்பிய வழி. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஜிடிபிஆர் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிமனிதருக்குத் தரும் பாதுகாப்பு உண்மையிலேயே பெரிது. ஐரோப்பியர்களின் தரவை அமெரிக்காவுக்கு அனுப்பியதற்காக 2023-ல் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 120 கோடி யூரோ அபராதம் விழுந்தது. ஆனால் உங்கள் நாட்டுச் சட்டம் போதுமானதா என்று தீர்ப்புச் சொல்வது பிரஸ்ஸல்ஸ், அதாவது அங்கே உள்ள ஐரோப்பிய ஆணையம் மட்டும்தான். ஜப்பானுக்கு 2019-லும் தென்கொரியாவுக்கு 2021-லும் அந்த அங்கீகாரம் கிடைத்தது, இந்தியா காத்திருந்தது. அங்கீகாரம் இல்லையென்றால் என்ன ஆகும்? ஒரு ஜெர்மன் கம்பெனியின் சம்பளக் கணக்கைச் சென்னையில் இருபது பேர் வைத்து நடத்தும் ஒருவர் பார்த்துத் தருவதென்றால், பெரும்பாலும் ஐரோப்பிய ஆணையம் எழுதி வைத்த ஒப்பந்தப் பிரிவுகளை அப்படியே ஏற்க வேண்டும், அப்புறம் இங்கே அரசு அந்தத் தரவைக் கேட்டால் என்ன நடக்கும் என்ற மதிப்பீட்டுக்கும் பதில் எழுத வேண்டும். பெரிய ஐடி நிறுவனத்துக்கு இதற்கென்றே வக்கீல்கள் உண்டு, சின்னவருக்கு யார்?

ஒசாகா வழி, 2019 ஜூன் ஜி20 மாநாட்டில் ஜப்பான் பிரதமர் அபே முன்வைத்தது. நம்பிக்கை இருந்தால் தரவு தடையில்லாமல் ஓடட்டும் என்பது அதன் சாரம். இந்தியா, இந்தோனேசியா, தென்னாப்பிரிக்கா மூன்றும் சேரவில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன், ஏனென்றால் தரவைச் சேர்த்துப் பணமாக்கும் திறன் ஏற்கனவே உள்ளவருக்குத்தான் தடையில்லாத ஓட்டம் லாபம். ஆனால் மறுத்ததோடு வேலை முடியவில்லை. பணப் பரிவர்த்தனைத் தரவை இந்தியாவிலேயே வைக்கச் சொன்ன ரிசர்வ் வங்கியின் 2018 உத்தரவு வங்கியின் மேற்பார்வைக்கு உதவும், அதனாலேயே வளர்ச்சி வந்துவிடாது.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வேறான அமைப்பான ஐரோப்பிய கவுன்சிலின் 1981 தரவுப் பாதுகாப்பு உடன்படிக்கை 108-ஐயும் சொல்ல வேண்டும். செனகல், மொரீஷியஸ், உருகுவே போன்ற ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள நாடுகளும் அதில் உறுப்பினர்கள், அவர்களுக்கும் பேச இடம் உண்டு. பலனைப் பங்கிடுவது மட்டும் அதில் இல்லை.

பலனில் பங்கைக் கேட்டு வாங்கியது ஜகார்த்தா, அதாவது இந்தோனேசிய அரசு; அங்கே எல்லை தாண்டியது வைரஸ் மாதிரி என்றாலும் கேள்வி அதேதான். தன் பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை வைத்துத் தயாராகும் தடுப்பூசி தன் மக்களுக்கு எட்டாத விலையில் இருக்கும் என்றால் மாதிரியை ஏன் தர வேண்டும் என்று 2007-ல் இந்தோனேசியா பகிர்வை நிறுத்தியது. ஆபத்தான பிடிவாதம் என்று விமர்சனம் வந்தது, ஆபத்து இருந்ததும் உண்மைதான். ஆனால் அதன் பிறகு நடந்த பேச்சுவார்த்தையில்தான், 2011-ல், உலக சுகாதார அமைப்பில் ஓர் உடன்பாடு உருவானது: மாதிரியைப் பெறும் தடுப்பூசி நிறுவனங்கள் ஆண்டுதோறும் பணம் தர வேண்டும், பெருந்தொற்று வந்தால் உற்பத்தியில் ஒரு பங்கை இலவசமாகவோ சலுகை விலையிலோ ஒதுக்குவது போன்ற உறுதிகளையும் தர வேண்டும். நான் இந்த வழியின் பக்கம்.

குறை என்னவென்றால், அது பெருந்தொற்றாக மாறக்கூடிய இன்ஃப்ளூயன்சாவுக்கு மட்டும். 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் ஒமிக்ரான் மரபணுத் தரவை உடனே உலகத்திடம் பகிர்ந்தபோது, சில நாட்களுக்குள் அந்த நாட்டுக்குப் பதிலாக வந்தது பயணத் தடை.