பெட்டியில் புல்வெளி, பண்ணையில் கொட்டகை: ‘கூண்டில்லா’ முட்டை பற்றி

கோவையில் நான் வழக்கமாக மளிகை வாங்கும் கடையில், ‘கூண்டில் அடைக்காத கோழிகளின் முட்டை’ என்று அச்சிட்ட பெட்டியை மூன்று மாதங்களாக வாங்கி வருகிறேன். விலை, சாதாரண முட்டையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. சுவையில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பழுப்பு ஓடு கோழியின் இனத்தாலும் அடர்ந்த மஞ்சள் கரு தீவனத்தாலும் வருவதால், அவற்றைப் பார்த்து வளர்ப்பு முறையைச் சொல்லிவிட முடியாது. கூடுதலாகக் கொடுக்கும் பணத்தால் கோழிக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்க, அனுமதி கேட்டுப் பண்ணைக்கே போய் வந்தேன்.

கம்பிக் கூண்டில் முட்டைக்கோழிக்குச் சிறகை முழுதாக விரிக்கவும் இடமிராது. 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதிகளே கோழி ஒன்றுக்கு 550 சதுர செ.மீ. தான் கேட்டன, ஒரு ஏ4 தாள் அதைவிடப் பெரியது. இங்கே கூண்டு இல்லை என்பது உண்மை. உமி பரப்பிய தரை, ஏறி உட்கார மூங்கில் கம்புகள், ஓரத்தில் இருட்டான முட்டையிடும் பெட்டிகள். ஒரு கோழி ஒருக்களித்துப் படுத்து, பாதிக் கண் மூடி, காலால் உமியை வாரி முதுகில் போட்டுக்கொண்டிருந்தது. கம்பித் தரையில் இந்த மண்குளியலுக்கு வழியே இல்லை. உமி உதிரியாகக் காய்ந்திருந்தது, அமோனியா நெடி கண்ணைக் கரிக்கவில்லை. தரையில் உமியைத் தடிமனாகப் பரப்பி வளர்க்கும் இந்த ஆழ்கூள முறையில் முதலில் கவனிக்க வேண்டியது அதுதான்.

குறை பெட்டியில் இருக்கிறது. பசும்புல்லில் மேயும் கோழியின் படத்தைப் போட்டிருக்கிறார்கள். இந்தக் கோழிகளோ கொட்டகையை விட்டு வெளியே வருவதே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் முட்டையின் மேலேயே வளர்ப்பு முறைக்கான எண்ணை அச்சிட வேண்டும்: இயற்கைப் பண்ணைக்கு 0, வெளியே மேய்ந்தால் 1, கொட்டகைக்குள் என்றால் 2, கூண்டுக்கு 3. அந்தக் கணக்கில் 2 பெற வேண்டிய முட்டை, படத்தின் தயவில் 1 போலத் தோற்றம் காட்டுகிறது. அலகு நுனியையும் வெட்டியிருந்தார்கள். கூட்டமாகத் திரியும் கோழிகள் ஒன்றையொன்று கொத்திக் காயப்படுத்தும் என்று மேலாளர் மறைக்காமல் விளக்கினார். முட்டையிடாத சேவல் குஞ்சுகள் என்னவாகின்றன என்று கேட்டதற்கு மட்டும், அதைக் குஞ்சு பொரிப்பகத்தில் கேளுங்கள் என்றார்.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுத்துத் தொடர்ந்து வாங்குவேன். படத்தை எடுத்துவிட்டு, ஒரு சதுர மீட்டரில் எத்தனை கோழி என்று அச்சிட்டால் நான்காக்குவேன்.